மைனாவையும் எழுது, தம்பி

கன்னங்குறிச்சி, சேலம்
கார்த்திகை மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறந்து பக்கத்து வீட்டு வாழையில் போய் விழுந்ததைத் தவிர இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

நீ அனுப்பிய கிளி போட்டோ வந்தது. இலை உதிர்ந்த மொட்டை மரத்தில் பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருக்கிறது. "நம்மூர்க் கிளிதானேம்மா, மான்செஸ்டரில் எப்படி?" என்று கேட்டிருந்தாய். அதேதான். கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் போட்டிருக்கிறதே, அதனால் ஆண். செந்தார்ப் பைங்கிளி என்று பேர். அந்தக் காலத்தில் கூண்டில் அடைத்துக் கொண்டுபோனவை தப்பித்துப் பெருகி, இப்போது இங்கிலாந்தில் பல ஊர்ப் பூங்காக்களில் குடித்தனம் நடத்துகின்றன. ஆனால் மரபணுவைப் பார்த்தவர்கள், அங்கே இருப்பவற்றின் முன்னோர்கள் பெரும்பாலும் பாகிஸ்தானிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் போனவை என்கிறார்கள். ஆகவே சேலத்துக்காரன் என்று உரிமை கொண்டாடிவிடாதே. இங்கே அதைக் கூண்டில் வைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அதோடு போனில் இன்னொன்றும் கேட்டாய். "மத்தியானம் முழுக்க ஏரிக்கரையில் உட்கார்ந்து காக்கா, மைனாவெல்லாம் எண்ணுறியாமே, அப்பா சொன்னார். அபூர்வமா ஏதாவது வந்தா எழுது. காக்காவை எதுக்கும்மா எழுதறே?" பதில் சொல்ல வாயெடுத்தேன், உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால்தான் கடிதம். தபால் ஆபீஸில் வேலை பார்த்தவளுக்கு இது ஒன்றும் சிரமமில்லை.

இன்று போனதையே சொல்கிறேன்.

பறவை பார்க்க விடியற்காலைதான் நேரம் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் விடியற்காலையில் இந்த வீட்டில் பால்காரர், தண்ணீர் மோட்டார், அப்பாவின் காப்பி என்று வரிசையாக ஆட்கள் காத்திருப்பார்கள். மத்தியானம் என்னை யாரும் தேடுவதில்லை. வெயிலில் வாயை மூடிக்கொண்டு இலைக்குள் பதுங்குவது மரத்துக் குருவிகள்தான். நீரில் இருப்பவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். இரண்டு மணிக்கு ஏரி, நாலு மணிக்கு மேல் காடு என்று பிரித்துக்கொண்டால் மத்தியானமும் நல்ல நேரம்தான். கார்த்திகை வெயிலும் உறைக்காது.

நான், அப்பா, எதிர்வீட்டுப் பெண், மூன்று பேரும் பழைய மாருதியில் கிளம்பினோம். அவள் ஒன்பதாவது படிக்கிறாள். என்னைப் பாட்டி என்கிறாள், விட்டுவிட்டேன். செல்போனில், பறவைப் பட்டியல் சேர்க்கும் செயலி ஒன்றில் எழுதுவது அவள் வேலை, முறுக்கு டப்பாவைக் காப்பது அப்பா வேலை. நீ வாங்கிக் கொடுத்த பைனாகுலர் என் கழுத்தில். அதில் 8, 42 என்று இரண்டு எண் போட்டிருக்கிறதே, கடைக்காரர் சொல்லியிருப்பார்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம். அப்பாவுக்கு இருபது மடங்கு காட்டுவது வேண்டுமாம். இருபது மடங்கு வைத்துக்கொண்டால் கை நடுக்கமும் இருபது மடங்காகத் தெரியும், குருவி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவதற்குள் அது பறந்துவிடும் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்பதில்லை.

மூக்கனேரி நிறைந்திருக்கிறது. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி வந்து நிரப்புகிற ஏரி. இந்தத் தடவை மலையில் நல்ல மழை. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, 2010-ஐ ஒட்டி, ஊர்க்காரர்கள் சேர்ந்து அங்கே தூர் வாரினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அள்ளிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். ஏரிக்குள் எதற்கு மரம் என்று அப்போது நம் தெருவிலேயே பேசினார்கள். இன்றைக்குப் போய்ப் பார். அந்த மரங்களில் இலையைவிட எச்சம்தான் அதிகம். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் பூனையும் மனிதனும் கிட்டே போக முடியாது. நீர்ப்பறவைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

கரையில் வெயில் முதுகில் விழும்படி நின்றுகொண்டோம். எதிர்வெயிலில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். ஏற்கெனவே கறுப்பாக இருப்பது நீர்க்காகம். இன்றைக்கு அதுதான் அதிகம். முங்கி எழுந்து திட்டு மரத்தில் ஏறி, ஈர வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக் காய வைப்பவர் மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது, நீர்க்காகத்தின் இறகு நனையும். நனைவதால்தான் உடம்பு மிதக்காமல் எளிதாக முங்க முடிகிறது. அதற்கான கூலிதான் இந்தக் காய வைக்கிற வேலை. நடுவில் ஒன்று மட்டும் கழுத்து நீண்டு, வளைந்து, அலகு ஊசியாக இருந்தது. பாம்புத்தாரா. அது உடம்பு முழுக்க முங்கிக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போகும்போது, தண்ணீர்ப் பாம்பு என்று அந்தப் பெண் அலறியேவிட்டாள்.

நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை எப்படி எண்ணுவது என்று கேட்பாய். முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணு. அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள். பிறகு அதே அளவு இடத்தைப் பத்து, இருபது, முப்பது என்று மரத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போ. மணியார்டர் கட்டுகளை நாங்கள் இப்படித்தான் கண்ணாலேயே மட்டு வைத்துவிட்டு, அப்புறம் விரலால் சரிபார்ப்போம். நீர்க்காகத்துக்கு நூற்று நாற்பது என்று போட்டோம். பத்துப் பதினைந்து முன்னே பின்னே இருக்கலாம், பரவாயில்லை. 'நிறைய' என்று எழுதுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

மற்றவை: முக்குளிப்பான் பதினெட்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருக்கும், கால் வாலுக்குப் பக்கத்திலேயே முளைத்திருக்கும், அதனால் தரையில் நடக்கத் தெரியாது, தண்ணீருக்குள் போனால் அதை மிஞ்ச ஆளில்லை. ஒன்று முங்கிய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பத்து முழம் தள்ளி எழுந்து நம்மைப் பார்க்கும். புள்ளிமூக்கு வாத்து இருபத்திரண்டு. நீலத் தாழைக்கோழி ஒன்பது, கரையோரப் புல்லில் தண்டைப் பிடுங்கிக் காலால் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. தண்ணீருக்கு மேல் தாழப் பறந்துகொண்டிருந்த மீசை ஆலா பன்னிரண்டு. மின்கம்பியில் தகைவிலான் இருநூறுக்குக் குறையாது. இந்தத் தகைவிலான் உனக்கும் தெரிந்ததுதான். கோடையில் உங்கள் ஊர்க் கொட்டகைகளில் கூடு கட்டும். ஆனால் உங்கள் ஊர்க் கூட்டம் குளிருக்குத் தென்னாப்பிரிக்கா வரைக்கும் போகிறது. நம் கம்பியில் உட்காருவது இமயமலைக்கு அந்தப் பக்கத்து ஆசியக் கூட்டம். ஒரே இனம், போக்கிடம் வேறு. (உன்னை வலசைப் பறவையோடு ஒப்பிட்டு ஏதோ சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. அதற்கெல்லாம் பட்டிமன்றக்காரர்கள் இருக்கிறார்கள்.)

நாமக்கோழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரி மாதிரி கறுப்பு, நெற்றியில் வெள்ளையாகக் கேடயம். அறுபத்து மூன்று. காலில் வாத்துக்கு இருப்பது போல ஜவ்வு கிடையாது, ஒவ்வொரு விரலிலும் தனித்தனி மடல் உண்டு. பறக்க வேண்டுமென்றால் தண்ணீரின் மேல் தடதடவென்று ஓடி, அப்புறம்தான் எழும்பும். எப்போது பார்த்தாலும் ஒன்றோடு ஒன்று சண்டை. உங்கள் ஊர்க் கால்வாயிலும் குளத்திலும் இதே இனம்தான் இருக்கிறது, துளி வித்தியாசம் கிடையாது. சாம்பல் நாரையும் அப்படியே. கிளியைப் பார்த்துவிட்டு ஊர் ஞாபகம் வந்தது என்றாயே, அதற்குக் கிளி எதற்கு, ஆபீஸ் போகிற வழியில் தண்ணீரை எட்டிப் பார்த்தால் போதும்.

கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒருவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்து, "என்னம்மா கணக்கு? எடுத்தா கவர்மெண்டுல காசு குடுப்பாங்களா?" என்று கேட்டார். காசெல்லாம் கிடையாது, சும்மாதான் என்றேன். நம்பவில்லை. நீர்க்காகம் ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் தின்கிறது என்று சொல்லி வருத்தப்பட்டார். "முன்ன இவ்வளவு கெடையாதும்மா." எவ்வளவு முன்னே என்றேன். "நீங்க எல்லாம் வர்றதுக்கு முன்ன." முன்னே எத்தனை இருந்தது என்றேன். கையை விரித்துக் காட்டினார். அந்தக் கை விரிப்புக்கு எத்தனை பறவை என்று போடுவது? அவர் பொய் சொல்லவில்லை. தினமும் ஏரியில் கிடப்பவர், அவருக்குத் தெரியாததா? ஆனால் அவர் அறிந்தது அவரோடு போய்விடும்.

ஏரியைப் பற்றி நல்லதாகவே சொல்லிவிட்டேன் போல. சாக்கடைத் தண்ணீர் வந்து சேரும் மூலையில் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றோம். பிளாஸ்டிக் பை, தெர்மாகோல், பூஜை முடிந்து கொட்டிய மாலைகள், எல்லாம் கரையொதுங்கிக் கிடக்கின்றன. அந்த நாற்றத்திலும் இரண்டு மடையான் தவம் கிடந்தன. அழுக்குத் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும் பறவைகளும் உண்டு. அவை கூடுவதைப் பார்த்து ஏரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மொத்தம் எத்தனை என்பதைவிட, எது கூடுகிறது, எது குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாலு மணிக்குக் குரும்பப்பட்டிக்குப் போனோம். உயிரியல் பூங்காவுக்குள் போகவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மான் பார்க்கக் கூட்டிப் போன அதே பூங்காதான், 1981-இல் ஆரம்பித்தது. வெளியே, மலையடிவாரத்தில் உசிலையும் வேலமும் கள்ளியும் உண்ணிச்செடியுமாக வறண்ட காடு இருக்கிறதே, அதன் ஓரமாகவே நடந்தோம். காட்டுக்குள் நுழையவில்லை, நுழையவும் கூடாது. பறவை பார்க்க நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து இருபது நிமிஷம் பேசாமல் இருந்தால் அதுவாக வரும். இதில் மூன்று பேரில் தோற்பவர் எப்போதும் அப்பாதான். ஏழாவது நிமிஷம் முறுக்கு டப்பாவைத் திறந்துவிட்டார்.

ஆனால் காது அப்பாவுக்குத்தான். கண்ணாடி போட்டும் பத்தடி தள்ளி இருக்கும் குருவி தெரியாது, சத்தம் மட்டும் தப்பாது. மலைச்சரிவுக்கு மேலே உயரத்தில் நீளமாக ஒரு கூவல் கேட்டது. "பாம்புக் கழுகு," என்றார் தலையைத் தூக்காமலே. பார்த்தால் அதுதான், கொண்டைப் பாம்புக் கழுகு, இறக்கையின் அடியில் அகலமாக வெள்ளைப் பட்டை தெரிய வட்டமடித்துக்கொண்டிருந்தது. வெயிலில் சூடான பாறைகளிலிருந்து எழும்பும் காற்றில் ஏறிவிட்டால் இறக்கையை அடிக்கவே வேண்டாம். இது காலையில் போகிறவர்களுக்குக் கிடைக்காத காட்சி. பாறை சூடாக வேண்டுமே.

நாலரைக்கு மேல் காடு பேச ஆரம்பித்தது. மாம்பழச்சிட்டின் நீண்ட விசில். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று உதிர்ந்த இலைகளைப் புரட்டிக்கொண்டே எங்கள் காலடி வரை வந்து, திடீரென்று ஏதோ குடும்பச் சண்டை போல் கத்திவிட்டுப் போனது. வெண்புருவச் சின்னான் நாலு. மாங்குயில் இரண்டு, மஞ்சள் என்றால் அதுதான் மஞ்சள். உண்ணிச்செடிக்குள் நாக்கைச் சொடுக்குவது போல 'டக், டக்' என்று ஒன்று. கண்ணில் படவே இல்லை, ஆனாலும் அந்தச் சத்தம் நாணல் கதிர்க்குருவிக்குத்தான் உண்டு. மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் வரைக்கும் நம் வீட்டு முருங்கை மரத்திலும் அதே சத்தம்தான். கேட்டதையும் எழுதலாம், கேட்டது என்று குறித்தால் போதும். நீலமுகப் பூங்குயில் ஒன்று கள்ளிப் புதருக்குள் அணில் மாதிரி ஓடி மறைந்தது. கண்ணைச் சுற்றி நீலம், நீண்ட வால் நுனியில் வெள்ளை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதுதான் முதல் தடவை. அவள் குதித்த குதியில் மீதி இருந்ததெல்லாம் பறந்துவிட்டன.

மயில் பதினொன்று. நான் சின்னவளாக இருந்தபோது மயிலைப் பார்க்க வேண்டுமென்றால் முருகன் கோயில் சுவர்தான். இப்போது நிலக்கடலைக் காட்டில் இறங்கிச் சாப்பிடுகிறது, வயல்காரர்கள் கரித்துக் கொட்டுகிறார்கள். இது நம் ஊர் மட்டும் இல்லை. 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை என்று ஓர் அறிக்கை வந்தது. சுமார் 30,000 பேர் எழுதிவைத்த பட்டியல்களை ஒன்றுசேர்த்து 942 இனங்களை அலசினார்கள். மயில் நாடெங்கும் பெருகிவருகிறது என்பதை அந்தப் பட்டியல்களை வைத்துத்தான் சொன்னார்கள். அதே அறிக்கையில் பனங்காடை குறைந்துவருகிறது, அதன் நிலையை உலக அளவில் மறுபடி ஆராய வேண்டும் என்றும் இருந்தது.

பனங்காடை உனக்கு ஞாபகம் இருக்கும். ஓமலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியில் இருக்கும் பனங்காடையை எண்ணிக்கொண்டு வருவாய். உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்தால் இறக்கையில் நீலமாக இரண்டு பட்டை. நீ எண்ணியதை நானாவது ஒரு நோட்டில் போட்டுவைத்திருந்தால் இன்று எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும். இன்று ஏரியிலிருந்து குரும்பப்பட்டி போய்த் திரும்பி வீடு வரும் வரை, வழியில் கம்பி, மரம், வயல் எல்லாம் பார்த்தும் பனங்காடை ஒன்றுகூட இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அபூர்வமானதை மட்டும் எழுதுகிறவன் பட்டியலில் பனங்காடை இல்லையென்றால் அதற்கு என்ன அர்த்தம்? அது இல்லையா, இருந்தும் சாதாரணம் என்று விட்டுவிட்டானா? தெரியாது. பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும், காக்கா மைனா புறா உட்பட, ஒன்று விடாமல் எழுதினால்தான் எழுதாதது இல்லாதது என்று ஆகும். அந்தச் செயலியே பட்டியலை முடிக்கும்போது கேட்கிறது: நீ அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதிவிட்டாயா? ஆம் என்று அழுத்தினால் அந்தப் பட்டியலுக்கு மதிப்பே வேறு. மைனாவை எழுதுவது மைனாவுக்காக மட்டும் இல்லை, பனங்காடைக்காகவும்தான்.

நான் பிறந்து வளர்ந்தது செவ்வாய்ப்பேட்டை என்பது உனக்குத் தெரியும். லீ பஜார் மண்டிகளில் மூட்டை பிரிக்கும்போது சிந்தும் தானியத்துக்குச் சிட்டுக்குருவி வந்து விழும். தாத்தா கடையில் படத்துக்குப் பின்னால் எல்லாம் கூடு. எத்தனை இருந்தன? எனக்கு இருக்கும் பதிலும் அந்தப் பரிசல்காரர் கையை விரித்துக் காட்டியதும் ஒன்றுதான். குருவியே அழிந்துவிட்டது, செல்போன் டவர்தான் காரணம் என்று கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். டவருக்கும் குருவிக்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அதே அறிக்கையின் 2020 பதிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். சேலம் இதில் எந்தப் பக்கம்? அதைச் சொல்ல என் சின்ன வயதுச் செவ்வாய்ப்பேட்டையின் எண் ஒன்றாவது வேண்டும். மூட்டைக் கணக்கு, வட்டிக் கணக்கு, வண்டிக் கணக்கு எல்லாம் பேரேட்டில் இருக்கும், குருவிக் கணக்கு மட்டும் இருக்காது.

உங்கள் ஊர்க்காரர்கள் இதில் கெட்டி. ஜனவரி கடைசி சனி, ஞாயிறை ஒட்டி, வீட்டுத் தோட்டத்திலோ பூங்காவிலோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து பறவை எண்ணும் வழக்கம் அங்கே 1979-இலிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தாத்தா பாட்டி எல்லாரும் எண்ணுவார்கள். அதனால்தான் அங்கே சிட்டுக்குருவி எவ்வளவு குறைந்தது என்று காகிதத்தைக் காட்டிப் பேச முடிகிறது. வருகிற ஜனவரியில் நீயும் உட்கார். உன் பிளாட்டில் தோட்டம் இல்லையென்றால் அந்தக் கிளிப் பூங்காவில் ஒரு பெஞ்சு போதும். புறாவை விடாதே. புறாதானே என்று எல்லாரும் விடுவது அதைத்தான்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பலாம் என்று எழுந்தோம். உண்ணிச்செடிக்குள்ளிருந்து இரட்டை விசில். அப்பா கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது, ஓடைப் பக்கமிருந்து மூன்றாவது. ஆறுமணிக்குருவி. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவோடு இரவாகப் பறந்து ஐப்பசி வாக்கில் தெற்கே வந்து சேரும். வந்த களைப்பில் ஊருக்குள் வீட்டு வராந்தாவில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படி யார் வீட்டிலாவது விழுந்தால் ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் விட்டுவிட்டால் போதும். பச்சை, நீலம், சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும் தரையில் சருகைக் கிளறிக்கொண்டு இருப்பதால் கண்ணுக்கு அகப்படாது. நாங்களும் பார்க்கவில்லை. 'மூன்று, கேட்டது' என்று அவள் எழுதிக்கொண்டாள்.

ஆக மொத்தம் நாற்பத்தேழு இனம். இதில் பத்திரிகையில் போடும்படி ஒன்றும் இல்லை.

டிக்கெட் மே மாதத்தில்தான் மலிவு என்று சொன்னாய். மலிவாக வந்து என்ன செய்வாய்? ஏரி சுருங்கிவிடும், குளிருக்கு வந்ததெல்லாம் போய்விட்டிருக்கும், ஏற்காட்டில் கார் நிறுத்த இடம் இருக்காது. பிப்ரவரியில் வா. நாலு நாள் லீவு கூடுதலாகப் போட்டால் மலைக்கு மேலே போகலாம். இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் பறவையே மாறிவிடுகிறது. கீழே வேப்ப மரத்தில் 'டுக் டுக்' என்று அடிப்பது செம்மார்புக் குக்குறுவான். மேலே காப்பித் தோட்டத்து சில்வர் ஓக்கில் நாளெல்லாம் 'குட்ரூ குட்ரூ' என்று கூப்பிடுவது வெண்கன்னக் குக்குறுவான். கீழே செம்புழைச் சின்னான், மேலே மீசை வைத்த சின்னான். கொடிக்கால் வாலாட்டி என்று ஒன்று சீனா, கொரியாப் பக்கமிருந்து அந்தக் காப்பிச் செடி நிழலுக்கு வருகிறது. மற்ற வாலாட்டியெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். ஓடையோரப் பாறையில் மனிதர் மாதிரியே சீட்டியடிக்கும் கருநீலப் பூங்குருவியும் உண்டு. அது ஜூன், ஜூலையில்தான் நன்றாகப் பாடும், பிப்ரவரியில் வாய் திறக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

எனக்கு ஆசை வேறொன்றில். மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும்தான் அது இருக்கிறது, உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. நம் சேர்வராயன் மலையின் பாறைச் சரிவுகள் அதன் இடங்களில் ஒன்று. இத்தனை வருஷம் இந்த மலையடிவாரத்தில் குடியிருந்தும் நான் இன்னும் பார்க்கவில்லை. பாறையில் ஏற என் முழங்கால் விடாது, அப்பா பொறுமை விடாது. நீ வந்தால் ஏறிப் பார்த்துச் சொல். கிடைக்கவில்லையென்றாலும் அங்கே இருந்த மைனாவை எண்ணிக்கொண்டு வா.

வரும்போது பைனாகுலருக்கு நல்ல அகலமான வார் ஒன்று வாங்கி வா. இருக்கிற வார் கழுத்தை அறுக்கிறது. கனமான இனிப்பு டப்பாவெல்லாம் வேண்டாம், இரண்டு பேருக்கும் சர்க்கரை. குளிரில் காது மூடும் தொப்பி போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மயில் பன்னிரண்டாம், பதினொன்று இல்லையாம். காருக்குள் உட்கார்ந்திருந்தபோது பின்னால் ஒன்று அகவியதாம், கேட்டதும் கணக்குத்தான் என்று நீதானே சொன்னாய் என்கிறார். அகவியது நாங்கள் ஏற்கெனவே எண்ணிய பதினொன்றில் ஒன்றாக இருக்கலாமே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். பட்டியலை அனுப்பியாகிவிட்டது. உன்னிடம் போனில் முறையிடுவார், நீ பதினொன்று என்றே சொல்.